அலமாரிக்குள் வைத்த பெட்டி

மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டி நான்கு முறை கீச்சிட்டு, மூச்சு வாங்குவதுபோல் நின்று, மறுபடியும் நான்கு முறை கீச்சிட்டது.

புயல் அடித்துப் பதினோரு நாளாக யாங்கோனில் கரண்ட் இல்லை. க்யிம்யிண்டைங் பகுதியில் ஸமீராவின் மூன்றாம் மாடி வீட்டுக்குத் தண்ணீர் ஏற்ற அவள் கணவன் ஜுல்ஃபிகர் கொண்டுவந்த ஜெனரேட்டர், பின்பக்கப் பால்கனியில் சாரல் அடித்ததால், அன்று சமையலறைக்குள் வந்திருந்தது. மழைக்கு ஜன்னல்களெல்லாம் மூடியிருந்தன.

"மச்சான், அது ஏன் கத்துது?" என்றாள் ஸமீரா.

"ஈரம் பட்டிருக்கும். அமெரிக்காச் சாமானுக்கு நம்ம மழை ஒத்துக்கல."

ஜுல்ஃபிகர் அதைக் கழற்றிப் பழைய லுங்கியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தான். தலை வலிக்கிறதென்று, ஏற்கெனவே தூங்கிப்போயிருந்த மகள் லத்தீபாவின் பக்கத்தில் பாயில் படுத்தான்.

ஸமீராவுக்கும் வலித்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் எஞ்சினின் உறுமல், எதிர்வீட்டுத் தகரக் கூரையில் மழை, கருவாட்டு வாடையோடு கலந்த பெட்ரோல் வாடை, அலமாரிக்குள்ளிருந்து வாயைப் பொத்திய யாரோ கூப்பிடுவதுபோல் அந்தக் கீச்சு, எல்லாம் மெல்ல மெல்லத் தண்ணீருக்கு அடியில் போய்க்கொண்டிருந்தன.

போன வருஷம் அமெரிக்காவிலிருந்து அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தபோது தங்கை அஸ்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

"எங்க மாநிலத்துல வீட்டுக்கு வீடு இது இருக்கணும்னு சட்டமே போட்டுட்டாங்க, ராத்தா. எஞ்சின் விடுற அந்த விஷக் காத்துக்கு வாசனையே கிடையாது. தலை வலிக்கும், தூக்கம் வரும், மூஞ்சி செவந்துபோகும், அவ்வளவுதான். இது கத்தினா எல்லாரையும் இழுத்துக்கிட்டு வெளிய ஓடிடு."

ஓட வேண்டும். பயம் வரவில்லை. வேறு யார் வீட்டுச் செய்தியோ போல இருந்தது.

எழுந்தாள். சமையலறைக்குப் போய் எஞ்சினை நிறுத்தினாள். ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. கீழே சைக்கா ரிக்‌ஷா ஒன்று மணியடித்துப் போனது. "லத்தீபா, எந்திரி" என்றாள். மகள் எழுந்து, "உம்மா" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

முகம் நனையவில்லை.

ஸமீரா கண்ணைத் திறந்தாள். சுவரில் சாய்ந்தபடியேதான் இருந்தாள். ஜன்னல் மூடியிருந்தது. எஞ்சின் ஓடியது. கைகள் மடியில் கிடந்தன.

எழு என்று தனக்குள் சொன்னாள். கை எழவில்லை.

"மச்சான்."

குரல் வரவில்லை.

மகளின் முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது. நான்கு நாள் காய்ச்சலில் வெளுத்துக் கிடந்த கன்னம். இப்போது செக்கச்செவேலென்று. உதடும். அவளை இவ்வளவு அழகாகப் பார்த்ததேயில்லை.

அந்தச் சின்ன நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்குவதற்காக ஸமீரா பார்த்துக்கொண்டே இருந்தாள்.