வேலிக்கு வெளியே பிறந்தவர்கள்

அம்மாவுக்கு நிலம் அளக்கிற வேலை. அன்று பள்ளி விடுமுறை. அதனால் ஒன்பது வயது மகளும் கூடவே ஒட்டிக்கொண்டாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் 'வாலு'.

ஏரியைச் சுற்றிக் கம்பிவேலி இருந்தது. "வேலிக்கு உள்ளே யாரும் கைவைக்க முடியாது. வெளியே இருக்கிற இந்த மணல்மேட்டுலதான் அடுக்குமாடி வீடு வரப்போகுது" என்றாள் அம்மா.

முந்தின நாள் நல்ல மழை. அம்மா முக்காலியில் கருவியைப் பொருத்த, வாலு மண்ணில் குந்தியிருந்தாள். திடீரென்று அவள் காலடியில் மண் அசைந்தது.

முதலில் ஒரு மூக்கு. பிறகு பொத்தான் அளவு தலை. பிறகு ஒரு குட்டி ஓடு.

"அம்மா! மண்ணு குஞ்சு பொரிக்குது!"

அம்மா ஓடி வந்தாள். அதற்குள் மேடு முழுக்க மண் பிளந்தது. நூற்றுக்கணக்கான ஆமைக்குஞ்சுகள்! யாரும் வழி சொல்லவில்லை. ஆனாலும் அத்தனையும் ஏரியைப் பார்த்தே நடந்தன. அடிக்கம்பிக்குக் கீழே நுழைந்து, 'புளக் புளக்' என்று தண்ணீரில் விழுந்தன. வாலுவுக்குச் சத்தமாக மூச்சுவிடக்கூடத் தோன்றவில்லை.

"ஆமை ஏரியிலதானேம்மா இருக்கும்? பிறக்கிறது இங்கயா?"

"எனக்கே இப்பதான்டி தெரியுது" என்று கிசுகிசுத்தாள் அம்மா.

"அப்ப இங்க வீடு கட்டினா?"

அம்மா திரும்பித் தன் அளவுக் கருவியைப் பார்த்தாள்.

வாலு யோசித்தாள். "நிலத்துல இருக்கிற எல்லாத்தையும் நீ வரையிற நிலப் படத்துல போடணும்னு சொல்வியே. மரம், கிணறு, பாறை..."

"ஆமா."

"ஆமைக்குழி?"

அம்மா அவளை இமைக்காமல் பார்த்தாள். வாலு அம்மாவின் பையிலிருந்த, அடையாளத்துக்கு நடுகிற சிவப்புக் கொடிகளை அள்ளிக்கொண்டு புறப்பட்டாள். குழிக்கு ஒன்றாக நட்டாள்; மொத்தம் நாற்பத்தொரு கொடிகள். அம்மா ஒன்று விடாமல் அளந்து குறித்தாள்.

அப்போது கட்டட இன்ஜினியர் பளபளக்கும் ஷூவோடு வந்தார். பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டார். சுற்றிலும் குஞ்சுகள். தூக்கிய காலை எங்கே வைப்பது?

"பாப்பா, நான் எப்படி வர்றது?"

"வராதீங்க அங்கிள்! அவங்க முதல்ல போகட்டும்."

அவர் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றார். ஒரு குஞ்சு அவர் ஷூவில் ஏறி, மறுபக்கம் உருண்டு, எழுந்து நடந்தது. அவர் முகத்திலிருந்த அவசரம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"படத்துல இதையும் போட்டுடுங்கம்மா" என்றார் மெல்ல.

அந்தப் படத்தை வைத்து நகரத் திட்ட அலுவலகத்தில் பேச்சு மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில் வீடுகளுக்கு வேறு இடம் பார்த்தார்கள். கம்பிவேலி தள்ளிப் போடப்பட்டு, மணல்மேடும் ஏரியோடு வேலிக்கு உள்ளே சேர்ந்தது.

அடுத்த பருவத்தில் ஒரு காலை, பெரிய ஆமை ஒன்று நீர் சொட்டச் சொட்ட மேடேறி வந்தது. வாலுவைக் கண்டதும் கழுத்தை நீட்டி ஒரு கணம் நின்றது. பிறகு அவளைச் சட்டை செய்யாமல், பின்னங்கால்களால் மண்ணைத் தோண்டத் தொடங்கியது.