பின்னிருக்கையில் இடமில்லை

மணிமங்கலத்தில் அந்தப் பழைய வீட்டு வாசலில் கம்பெனி டெம்போ போய் நின்றபோது சாயங்கால மழை விட்டிருந்தது. வாங்க வந்த பொருள் மாடிப்படிக்கு அடியில், தார்ப்பாய்க்குள் கிடந்தது. சூப்பர்வைசர் தணிகாசலம் தார்ப்பாயை விலக்கினார். நீளமான, ஒல்லியான மஞ்சள் கயாக், துடுப்புப் போட்டு ஓட்டுகிற படகு. மேல்பக்கம் முழுக்க மூடியிருந்தது. ஆள் உட்கார முன்னால் ஒரு குழி, பின்னால் ஒரு குழி.

"டபுள் சீட்டர். ஃபாரின் ஐட்டம்," என்றார் தணிகாசலம், பல்லெல்லாம் தெரிய.

ஒரகடம் ரோட்டிலிருந்த அவர்களுடைய ஃபைபர் கம்பெனி பஸ் சீட்டும் தண்ணீர்த் தொட்டியும் செய்தது. முதலாளி வெளிநாட்டில் படித்தபோது கயாக் ஓட்டப் பழகியவர். அதனால் மற்ற கம்பெனிகளில் வாலிபால் கிளப் இருந்த காலத்தில் இங்கே கயாக் கிளப் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக் கடலில் இறங்குவார்கள். முதலாளிக்கு எதில் ஆசையோ அதில் தணிகாசலத்துக்கு உயிர். இறங்குகிறவனுக்கு விருப்பம் உண்டா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

நிலவன் குனிந்து படகின் அடிப்பக்கத்தைத் தடவினான். அச்சில் ஃபைபர் பாய் விரித்து ரெசின் தடவுகிற வேலை அவனுக்கு. ஒட்டுப் போடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. பின்குழிக்கு நேர் கீழே தலை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. தானாக உடைந்ததில்லை, கடப்பாரையால் இடித்தது.

வீட்டுக்கார அம்மாள் காந்திமதி நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் நெற்றி, நிதானமான குரல்.

"என் வீட்டுக்காரர் புருஷோத்தமன் மறைமலை நகர்ல இன்ஜினியரா இருந்தார். கடல்ல இது கவிழ்ந்தப்போ பின்னாடி அவர் இருந்தார், முன்னாடி அவர் சிநேகிதர். சிநேகிதர் கரைக்கு வந்துட்டார். இவர் உடம்புகூடக் கிடைக்கலை. அப்புறம் அந்தச் சிநேகிதரே வந்து இந்த ஓட்டையைப் போட்டுட்டு, ஊரை விட்டே போயிட்டார்."

காந்திமதி படகைக் கைகாட்டினாள்.

"எடுத்துட்டுப் போங்க. சுவர்ல மாட்டுங்க, அச்சு எடுத்துக்கோங்க. ஓட்டையை மட்டும் மூடாதீங்க. தண்ணியில விடாதீங்க."

"சத்தியமா மூட மாட்டோம்மா," என்றார் தணிகாசலம். டெம்போ தெரு முனை திரும்பியதும் விழுந்து விழுந்து சிரித்தார். "ஃபைபர்காரன்கிட்ட வந்து ஓட்டைய மூடாதேன்னுது பாரேன். நாளைக்கே ரீவொர்க் போட்டுடு நிலவா."

அந்த வருஷம் மே மாதத்தில் பக்கத்து ஊர்க் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு அந்தப் பக்கத்தில் எந்த வண்டியையும் போலீஸ் சும்மா விடுவதில்லை. படப்பையில் ஒரு கான்ஸ்டபிள் வண்டியில் ஏறி, படகின் பின்குழிக்குள் கையை விட்டுத் துழாவினார். சட்டென்று கையை உருவி, சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"தண்ணிய கொட்டிட்டு ஏத்தக் கூடாதா?"

ஏற்றும்போது அது காய்ந்து கிடந்தது. அடியில் அவ்வளவு பெரிய ஓட்டை வேறு. தண்ணீர் எப்படி நிற்கும்?

நிலவன் ஓட்டையை மூடினான். விளிம்பைத் தேய்த்து, ஃபைபர் பாயை அடுக்கடுக்காக வைத்து, ரெசின் தடவி, மேலே மஞ்சள் பூசினான். எங்கே ஓட்டை இருந்தது என்று கேட்டால் அவனாலேயே காட்ட முடியாது. அந்த இடம் மட்டும் வியர்த்துக்கொண்டே இருந்தது. துடைத்தால் மறுபடி வியர்க்கும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தது.

ஒரகடம் ஏரி அப்போது நிரம்பி வழிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அங்கே வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். நிலவனின் மனைவி மெர்சியும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். பென்னலூர்ப் பெண். ஊரை எதிர்த்து அவனைக் கட்டிக்கொண்டவள். அவனைத் தவிர அவளுக்கு வேறு நாதியில்லை, அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை.

முன்குழியில் நிலவன் உட்கார்ந்தான். பின்குழியில் கூட வேலை செய்கிற மாரி காலை நுழைத்தான். உட்காரவில்லை. அப்படியே துள்ளி, இடுப்பளவு தண்ணீரில் விழுந்து கரையேறினான்.

"அங்க எடம் இல்ல சார்."

"இன்னாடா எடம் இல்ல?"

"கால் நீட்ட முடில சார். உள்ள ஏற்கெனவே கால் கீது."

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அன்று முதல் அவனுக்கு "கால் மாரி" என்று பெயராகிவிட்டது. தணிகாசலம் பின்குழியை ரப்பர் மூடியால் இறுக்கி மூடிவிட்டு, நிலவனைத் தனியாக ஓட்டச் சொன்னார்.

படகு ஏரிக்குள் போனது. மெர்சி மட்டும் சிரிக்கவில்லை. முன்னால் ஆள் உட்கார்ந்திருக்கிறான், பின்னால் காலி. அப்படியானால் முன்பக்கம்தானே அழுந்த வேண்டும்? பின்பக்கம்தான் தண்ணீருக்குள் அழுந்திப் போய்க்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் அவள் சோற்றைத் தொடவில்லை. "அந்த போட்டுல கடலுக்கு போவாதய்யா. பின்னாடி யாரோ குந்திகினு கீறாங்க."

"போலன்னா பர்மனன்ட் கெடையாதுன்னு சொல்லிட்டான்டி. அடுத்த வாரம் மொதலாளியே வர்றாரு."

"பர்மனன்ட் ஆகலன்னா செத்தா பூடுவோம்? நீ பூட்டியானா நான் இன்னாய்யா பண்ணுவேன்?"

டெம்பரவரியாகவே கிடந்து அலுத்துப்போன ஆண்பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தைதான் காதில் விழும். அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

மறுநாள் சுத்தியலைக் கூடையில் மறைத்துக்கொண்டு கிளம்பினாள். ஒட்டை உடைத்துவிட்டால் தீர்ந்தது. ஆனாலும் சம்பந்தப்பட்டவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று முதலில் மணிமங்கலத்துக்குப் போனாள். அங்கேதான் தப்பு பண்ணினாள்.

ஓட்டையை மூடிவிட்டார்கள் என்று கேட்டதும் காந்திமதி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மெர்சியின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"உடைக்காதேம்மா. நீ உடைப்பே, அவங்க அவசரத்துல மறுபடி ஒட்டுவாங்க. அரைகுறை ஒட்டு நடுக்கடல்ல பிச்சுக்கும். ஃபைபர்காரன் பொண்டாட்டி, உனக்குத் தெரியாததா?"

"அப்ப நான் இன்னாக்கா பண்றது?"

"முன்னாடிதானே உட்காரப் போறான்? முன்னாடி உட்கார்ந்தவங்க கரைக்கு வந்துடுவாங்க. என் வீட்டுக்காரரோட சிநேகிதர் வந்தாரே. உன் புருஷன் முகமும் கையும் காலும் முழுசா கரைக்கு வரும். இது என் மேல சத்தியம்."

சூடாகக் காபி கொடுத்தாள். தலையைத் தடவினாள். பெற்றவள்கூட அப்படித் தடவியதில்லை என்று மெர்சிக்குத் தோன்றியது. சுத்தியலைக் கூடையோடு வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனாள்.

கோவளத்தில் மார்கழிக் கடல் கறுத்துக் கிடந்தது. முதலாளி குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். தணிகாசலம் விசிலும் கையுமாக அலைந்தார். நிலவன் லைஃப் ஜாக்கெட் போட்டு, ரப்பர் மூடியைப் பாவாடை மாதிரி இடுப்பில் மாட்டி, அதன் விளிம்பைக் குழியின் வாயில் இழுத்துப் பொருத்தினான். படகு கவிழ்ந்தால் மூடியின் முன்னால் தொங்கும் வாரைப் பிடித்து இழுக்க வேண்டும். மூடி கழன்று ஆள் வெளியே வந்துவிடலாம். வார் உள்பக்கம் மாட்டிக்கொண்டால் தலைகீழாகத் தொங்க வேண்டியதுதான்.

"பாத்துக்க, வாரு வெளியதான் கீது," என்று மெர்சியிடம் ஆட்டிக் காட்டினான். அவள் நன்றாகப் பார்த்தாள்.

அலை தாண்டிப் படகு போயிற்று. பின்பக்கம் அழுந்தியபடியே போயிற்று.

கொஞ்ச தூரம் போனதும் நிலவன் துடுப்புப் போடுவதை நிறுத்தினான். துடுப்பு அவன் மடியில் கிடந்தது.

படகு நிற்கவில்லை.

அவன் குனிந்து இடுப்பருகில் எதையோ தேடினான். வாரைத் தேடுகிறான் என்று மெர்சிக்குப் புரிந்தது. பிறகு மெல்லத் திரும்பிப் பின்னால் பார்த்தான்.

அவன் கத்தியது கரைக்குக் கேட்டது.

காற்றில்லை, அலையில்லை. படகு பக்கவாட்டில் சாய்ந்து, நிதானமாகக் கவிழ்ந்தது. மஞ்சள் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. மெர்சி மார்பில் அடித்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினாள். இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். கட்டுமரக்காரர்கள் விரைந்தார்கள். அந்த அடிப்பக்கம் அசையவே இல்லை. கட்டுமரம் பாதி தூரம்கூடப் போகவில்லை. இனி யாராலும் மூச்சடக்க முடியாது என்கிற அளவுக்கு நேரமாகிவிட்டது.

அப்போது படகு தானாகப் புரண்டு நிமிர்ந்தது.

நிலவன் உள்ளே நேராக உட்கார்ந்திருந்தான்.

"ரோல் பண்ணிட்டான்டா!" என்று குதித்தார் தணிகாசலம். "யாருடா இவனுக்கு கத்துக் குடுத்தது?" முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். நிலவன் துடுப்பைச் சீராகப் போட்டுக்கொண்டு வந்து கரையில் ஏறினான். அத்தனை அழகாக அவன் ஒருநாளும் ஓட்டியதில்லை. மெர்சி அதையெல்லாம் எங்கே பார்த்தாள்? ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். வார் உள்பக்கமாகச் செருகியிருந்தது அவள் கையில் தட்டுப்பட்டது. அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை.

டெம்போவில் அவள் தலையைத் துவட்டிவிட்டபோது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியைப் பார்த்துப் புன்னகைப்பது மாதிரி மரியாதையாகப் புன்னகைத்தான். படப்பை வந்ததும் முன்னால் குனிந்தான்.

"டிரைவர், வலது பக்கம் எடுங்க. நான் மணிமங்கலத்துல இறங்கிக்கிறேன்."

குரல் நிலவனுடையதுதான். பேச்சு அவனுடையது இல்லை.

வீட்டு வாசலில் காந்திமதி காத்திருந்தாள். தலை நிறையப் பூ, நெற்றியில் குங்குமம். அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். யாரிடமும் வழி கேட்காமல் உள்ளே போனான்.

"காந்தி, காபி போடு. உடம்பெல்லாம் உப்பு."

மெர்சி பின்னாலேயே ஓடினாள். காந்திமதி நிலைப்படியில் கையைக் குறுக்கே வைத்தாள்.

"முகமும் கையும் காலும் கரைக்கு வரும்னு சொன்னேன். வந்துடுச்சா இல்லையா?" அவள் குரலில் வஞ்சமில்லை, சந்தோஷம்தான் இருந்தது. அதுதான் கொடுமை. "பழைய சாமான் வாங்கறவங்க எத்தனை பேர் வந்து கேட்டாங்க தெரியுமா? ஃபைபர்காரங்க வரட்டும்னு காத்திருந்தேன். மூடுங்கன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. மூடாதீங்கன்னு சொன்னா அன்னைக்கே மூடுவாங்க."

"என் புருஷன் எங்கடி?"

"பின்னாடி சீட்ல. கோவத்துல அந்தப் படகை மட்டும் உடைச்சுடாதேம்மா. அவனுக்கு இருக்கிற இடம் அது ஒண்ணுதான்."

கதவு சாத்திக்கொண்டது.

ஊர் சிரித்தது. ஒட்டுப் போடுகிறவன் பணக்கார விதவை வீட்டில் ஒட்டிக்கொண்டான் என்றார்கள். போலீசில், மேஜர் ஆன ஆள், விருப்பப்பட்டுப் போயிருக்கிறான் என்று கையை விரித்தார்கள். எட்டாவது தாண்டாத நிலவன் இங்கிலீஷ் பேப்பர் படிப்பதாக மணிமங்கலத்துப் பால்காரர் சொன்னார்.

ஒருநாள் பகலில், ஊழியர்கள் சாப்பிடப் போன நேரத்தில், மெர்சி சுத்தியலோடு கிளப் ஷெட்டுக்குள் நுழைந்தாள். ரெசின் நெடி கண்ணைக் கரித்தது. மஞ்சள் படகு கட்டைமேல் கிடந்தது. பின்குழிமேல் ரப்பர் மூடி இறுக்கமாக மாட்டியிருந்தது. காந்திமதி சொன்னதை அவள் நம்பவில்லை. அந்தப் பேயும் அதன் படகும் தூள் தூளாகப் போகட்டும் என்று சுத்தியலை ஓங்கினாள்.

"மெர்சி."

கை அந்தரத்தில் நின்றது.

"இருட்டா கீது மெர்சி. குளுருது."

சுத்தியல் கீழே விழுந்தது. அவள் ரப்பர் மூடிமேல் முகத்தை வைத்துக்கொண்டு படுத்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்ததற்கான சங்கு ஊதும்வரை அழுதாள். எழுந்தபோது அழுகை நின்றிருந்தது. முகத்தைத் துடைத்து, தலையை முடிந்துகொண்டாள்.

தணிகாசலம் உள்ளே வந்தார். கூடவே ஸ்டோர்ஸில் புதிதாகச் சேர்ந்த பிரவீன். காவேரி என்ற பெண்ணைப் போன மாதம்தான் கட்டியிருந்தான். மெர்சியைப் பார்த்துத் தணிகாசலம் சங்கடப்பட்டார்.

"இன்னாம்மா இங்க?"

"அடுத்த டிரிப் எப்ப சார்?"

"வர்ற ஞாயித்துக்கெழம. யாரை ஓட்ட விடறதுன்னுதான் தெரில."

மெர்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வேண்டாம். அந்த மூஞ்சியைக் காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பிரவீனிடம் திரும்பினாள். நல்ல உயரம். உறுதியான கை. புடவைக் கடையில் துணியைப் பார்ப்பதுபோல் அவசரமில்லாமல் பார்த்தாள்.

"நீச்சல் தெரிமா தம்பி?"

"சூப்பரா தெரியும்க்கா," என்றான் பிரவீன். ஆசையோடு படகருகே வந்து முன்குழிக்குள் காலை விட்டு அளவு பார்த்தான். அப்போது பின்குழியின் ரப்பர் மூடி உள்ளிருந்து மெல்ல உப்பி, மறுபடி அடங்கியது. பிரவீன் காலை இழுத்துக்கொண்டான்.

"உள்ள என்னக்கா அசையுது?"

மெர்சி மூடிமேல் உள்ளங்கையை வைத்து, குழந்தையைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"எலி தம்பி," என்றாள். "நீ நல்லா குந்திப் பாரு."