வலது சக்கரத்தைத் திருப்பிய கை

ரெய்னோ கங்காஸின் பனி தள்ளும் லாரி நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர்-வீலில்தான் இருந்தது. கியர் கம்பி சரியாக விழுந்தது, விளக்கும் எரிந்தது. ஆனாலும் முன்சக்கரங்கள் இரண்டும் கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி சும்மா நின்றன. பின்சக்கரங்கள் மட்டும் ஓலமிட்டுச் சுழன்று, ரப்பர் கருகும் நாற்றத்தைக் கிளப்பி, ஏற்றத்தில் தமக்குத் தாமே குழி தோண்டிக்கொண்டிருந்தன.

பிற்பகல் மணி மூன்றரை. சுரங்கச் சாலையின் உச்சியில் அவர் அக்கா ஹில்யாவின் வீடு. புயலில் கரண்டு போய், அவளுடைய மூச்சு மெஷின் நின்றுவிட்டது. கையிருப்புச் சிலிண்டர் நாலரை வரை தாங்கும். ஆம்புலன்ஸோ, அவர் வழி வெட்டட்டும் என்று அடிவாரத்தில் காத்திருந்தது.

"பெருசு, தூங்கிட்டியா?" வயர்லெஸ்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டும் டார்லா. "பட்டன் வச்ச வண்டி வாங்குன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

"பட்டனுக்கு என் விரலைக் கண்டா பயம். சும்மா கிட."

இது பழைய வண்டி. முன்சக்கரம் இழுக்க வேண்டுமென்றால், இறங்கிப்போய் இரண்டு பக்கமும் சக்கர நடுவிலிருக்கும் ஹப்பின் திருகைக் கையால் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் பூட்டாவிட்டால் மறுபக்கமும் செத்த மாதிரிதான். காலையில் காப்பி குடித்த கையோடு இரண்டையும் பூட்டியிருந்தார். நாற்பது குளிர்காலமாக ஒருநாளும் மறந்ததில்லை.

இறங்கிப் பார்த்தார். இடது பூட்டியிருந்தது. வலது திறந்திருந்தது.

தோல் கையுறையைக் கழற்றி வெறுங்கையால் திருப்பினார். டக். ஏறி உட்கார்ந்து ஓட்டினார். இருபதடி போனதும் வண்டி மறுபடி நின்றது.

வலது ஹப் மறுபடி திறந்திருந்தது. திருகின் மேல் படிந்த உறைபனியில் விரல் தடங்கள். ஒவ்வொரு விரலும் ஸ்க்ரூடிரைவர் நீளம். சுற்றிலும் அவருடைய காலடிகளைத் தவிர வேறு காலடி இல்லை. மூடிய சுரங்கத்தின் வாயிலிருந்து வருமே, ஈரச் சாம்பல் வாடை, அது வந்தது.

வாய் அடங்கவில்லை. "எவண்டா அவன்? மேல கெடக்குறது எங்க அக்கா. விளையாட வேற வண்டியைப் பாரு!"

பூட்டினார். திருகின் மேல் வேலிக்கம்பியை நாலு சுற்று சுற்றி, குறடால் முறுக்கினார். ஏறிக் கதவைச் சாத்தினார்.

கீழே சத்தம். கிறீச். கம்பி ஒரு சுற்று அவிழ்ந்தது.

கிறீச். இரண்டு.

கிறீச். மூன்று.

நாலாவதுக்கு அவர் காத்திருக்கவில்லை. மிதித்தார். நாலு சக்கரமும் தரையைக் கவ்வின. பிளேடு பனியைப் பிளந்தது. வண்டி ஏறியது.

வலது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

ஒரு கை. சாம்பல் நிறம். நகமில்லை. திருகைப் பிடித்திருந்தது. சக்கரம் சுற்ற, கையும் சுற்றியது. விடவில்லை. நூற்கண்டில் நூல்போல ஹப்பில் சுற்றிக்கொண்டே வந்தது. மரங்களுக்குள்ளிருந்து வந்தது. முழங்கையே வரவில்லை.

பிரேக் போட்டால் ஹில்யா போய்விடுவாள். இன்னும் மிதித்தார்.

"டார்லா, ஒட்டியே வா."

"வந்துட்டேன். பெருசு, உன் வண்டி ஏதோ கயித்தை இழுத்துட்டுப் போகுது..."

"கயிறுதான். பாக்காத. ஓட்டு."

நாலு பன்னிரண்டு. முற்றம். ஆம்புலன்ஸ்காரர்கள் சிலிண்டரோடு உள்ளே ஓடினார்கள். சற்று நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து இருமல், பிறகு ஹில்யாவின் குரல்: "எங்கடா ஊர் சுத்திட்டு வர்ற?"

ரெய்னோ இறங்கவில்லை. கியரை எடுக்கவில்லை. வலது சக்கரம் கம்பளி உருண்டைபோலப் பருத்திருந்தது. மிச்சக் கை முற்றத்தின் குறுக்கே பைன் மரங்கள்வரை விறைத்து நின்றது.

"தெம்பிருந்தா இழுடா," என்றார்.

அது இழுக்கவில்லை. தொய்ந்தது.

தூரத்தில் ஒரு பைன் மரம் ஓரமாகச் சாய்ந்து வழிவிட்டது. பிறகு அதற்கு இந்தப் பக்கத்து மரம். பிறகு, அதற்கும் இந்தப் பக்கத்து மரம்.