பதினான்காம் பாடத்துக்குத் திருத்தம்

பொட்டலத்தின் மேல் செல்வி வின்சி மரியப்பன் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே சிவப்பு மையில்: பாடம் 13, திருத்தம்.

"சனிக்கிழமையே வந்துருச்சு சார். குடுக்கவா, ஆள் இல்லைன்னு எழுதித் திருப்பிரவான்னு ரெண்டு நாளா யோசன," என்றார் தபால்காரர் தண்டாயுதபாணி. சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைப் படியில் ஊன்றியிருந்தார். "வாங்கிக்கிறீகளா?"

"என் வீட்டு விலாசத்துக்கு வந்தது எதுக்குத் திரும்பிப் போகணும்? குடுங்க."

குரல் சரியாகத்தான் வந்தது. இருபத்தாறு வருடம் தலைமையாசிரியராக இருந்த குரல் அது; செக்காலையில் அந்தத் தெருவில் யாரும் அதில் நடுக்கத்தைக் கேட்டதில்லை. ஆனால் பொட்டலத்தை வாங்கிய கை வேர்த்திருந்தது. சிவப்பு மை கரைந்து மரியப்பனின் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது.

சென்னையில் செல்வின் என்றொரு டிரம்ஸ் ஆசிரியர் தபாலில் நடத்தும் வகுப்பு. கேசட்டின் ஒரு பக்கத்தில் அவர் பாடத்தைச் சொல்லி அனுப்புவார். மாணவர் வாசித்து, மறுபக்கத்தில் பதிவு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். அதைக் கேட்டபின் அவர் குறைகளைச் சொல்லி இன்னொரு கேசட் அனுப்புவார். வாசித்து அனுப்பாதவர்களுக்குத் திருத்தம் வராது. வின்சி பன்னிரண்டாம் பாடத்தோடு நின்றுவிட்டாள். போன வருடம், தொண்ணூற்றைந்தில், பெரிய வெள்ளிக்கிழமையன்று இறந்துபோனாள்.

மனைவி யூஜினியா கோயிலில் பீடத் துணிகளைத் துவைக்கப் போயிருந்தாள். மரியப்பன் முன்னறை ஜன்னலைச் சாத்திவிட்டு, டேப் ரெக்கார்டரின் சத்தத்தைக் குறைத்து, அதன்மேல் காதை வைத்தார். பிளாஸ்டிக் சூடாக இருந்தது. சற்று நேரம் இரைச்சல். பிறகு ஒரு இளைஞனின் உற்சாகமான குரல்.

"தங்கச்சி, வணக்கம். பதிமூணாம் பாடம் கேட்டேன். ஹை-ஹாட் தட்டு ஒரு இடத்துலகூடச் சறுக்கல. போன வருஷம் அந்த இடது காலை எவ்வளவு திட்டினேன்! இப்ப அதுக்கு ஒரு மெடல் குத்தணும். ரெண்டே ரெண்டு குறைதான். டிரம்ஸ் மேல ஏதோ துணி கெடக்கு, சத்தம் அமுங்குது. எடுத்துடும்மா. அப்புறம், நீ வாசிக்கிறப்ப கதவுக்கு வெளியில யாரோ நிக்கிறாங்க. தொண்டையைச் செருமுறாங்க, ரெண்டு ரெண்டு தடவையா. ஒண்ணு, உள்ள வரச் சொல்லு. இல்ல, போகச் சொல்லு."

மரியப்பன் பொத்தானை அழுத்தி நிறுத்தினார். செருமினார்.

இரண்டு தடவை.

அந்தத் துணியை அவர்தான் போட்டார். தவக்காலத்தில் கோயிலில் புனிதர் சுரூபங்களை மூடும் பழைய ஊதாத் துணி. அடக்கம் முடிந்த மறுநாள் டிரம்ஸ் முழுவதையும் அதனால் மூடி, பின்கட்டு அறையைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். அன்றிலிருந்து அந்த அறைக்குள் யாரும் போனதில்லை. அப்படி ஒரு துணி கிடப்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

அரிசி மூட்டை போட்டுவைக்கக் கட்டிய அறை அது. ஜன்னல் கிடையாது, கூரையை ஒட்டி ஒரு கை நுழையும் அளவுக்கு ஒரு காற்றுத் துவாரம். தாழ்ப்பாளும் வெளிப்பக்கத்தில்தான். சத்தம் வெளியே கேட்காது என்றுதான் வின்சி அதைக் கேட்டு வாங்கினாள். பள்ளத்தூருக்குப் பஸ்ஸில் போய் வேலை பார்த்த பெண், மதுரையில் கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவின் டிரம்ஸை ஒரு நாள் வேனில் கொண்டுவந்து இறக்கினாள். தெருவே வேடிக்கை பார்த்தது. நான்கு தலைமுறையாகப் பெரிய வெள்ளிக்கிழமை பவனியில் இறந்த ஆண்டவரைக் கிடத்திய தூம்பாவுக்கு முன் வலது தோள் கொடுக்கும் குடும்பம். தூம்பா அவர் வாசலில் நின்றுதான் போகும். அந்த வாசல் வழியாக டிரம்ஸ் வந்தது.

போன வருடம் அதே பெரிய வெள்ளி மத்தியானம், ஊரே துக்கத்தில் வாயைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் குச்சிகளைக் கையில் எடுத்தாள்.

"இன்னிக்கி ஒரு நாதான்ப்பா கோயில் மணியும் அடிக்காது, ஸ்பீக்கரும் பாடாது. கேசட்டுல சுத்தமா விழும். எல்லாரும் கோயிலுக்குப் போயிருவீக. அரை மணி நேரம். யாருக்குப்பா கேக்கப் போகுது?"

"ஆண்டவருக்குக் கேக்கும்," என்றார் அவர். வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டார். மூன்று நாளில் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரவிருந்தார்கள். பிள்ளைக்குப் புத்தி வரட்டும் என்று நினைத்தார். இழுப்புக்கு அவள் வைத்திருந்த இன்ஹேலர் முன்னறை மேசையில் இருந்ததை அவர் பார்க்கவில்லை.

பார்க்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

நாலரை மணிக்குத் தோளில் போடும் வெள்ளைத் துண்டை எடுக்க வீட்டுக்கு வந்தபோது தட்டும் சத்தம் கேட்டது. கோயில் மணிக்குப் பதிலாக அன்று கோயில் உபதேசியார் தெருவில் ஆட்டிக்கொண்டு போகும் மரக்கட்டையின் சத்தம் என்று எடுத்துக்கொண்டார். துண்டை எடுத்தார். போனார். தோள் கொடுத்தார். ராத்திரி எட்டு மணிக்கு, யூஜினியா வருவதற்கு முன்பு, தாழ்ப்பாளை நீக்கினார். இன்ஹேலரை, சில்லிட்டிருந்த வின்சியின் கைக்குள் வைத்து விரல்களை மடக்கினார். அதன் பிறகுதான் சத்தம் போட்டு அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் யூஜினியா கஞ்சியை முன்னால் வைத்தாள்.

"என்னங்க, நேத்திலிருந்து பட்டினியாக் கெடக்கீக. இப்பவே ஒருசந்தி பிடிக்கிறீகளா? எல்லாருக்கும் முந்தி மோட்சத்துக்குப் போகவா?"

அவர் கஞ்சியை ஓரமாகத் தள்ளினார். "நீ சென்னைக்குத் தபால் எதுவும் போட்டியா?"

"நான் யாருக்குப் போடப் போறேன்? எனக்கு இருந்தது ஒருத்தி. அவளும் இங்கயேதான் இருந்தா." கரண்டியைத் துடைத்தாள். "அந்த ரூம்பைத் தெறங்க. ஏதோ வாட வருது. சாவியக் குடுங்க, நான் கூட்டி விடுறேன்."

"தேவையில்ல."

"வாசிச்சு முடிச்சுத் தூங்குனவ தூக்கத்துலயே போயிட்டான்னு சொன்னீக. தூங்குன பிள்ளைக்குப் பத்து நகமும் ஏன் ஒடிஞ்சிருந்துச்சுன்னு உங்களை ஒரு நாளாச்சும் கேட்டிருக்கனா?"

கேட்டதில்லை. அவள் கஞ்சியை மூடி வைத்துவிட்டு விளக்கைப் போடப் போனாள்.

புதன்கிழமை செக்காலை ரோட்டில் டெலிபோன் பூத்துக்குப் போய், கண்ணாடிக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கேசட் உறையில் இருந்த எண்ணைச் சுழற்றினார்.

"வின்சியோட தகப்பனார் பேசுறேன். இனிமே கேசட் அனுப்ப வேண்டாம்."

"என்ன சார், இப்பத்தான் நல்லா வருது! கல்யாணம் ஏதும் வெச்சுட்டீங்களா?"

"அவ வாசிக்கிறதில்ல."

"சார், விளையாடாதீங்க. திங்கக்கிழமைகூட ஒண்ணு வந்துச்சு. பதினாலாம் பாடம். அன்னிக்கே திருத்தி அனுப்பிட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "அது என்ன சார் புதுசா இருக்கு? யார்கிட்டயாவது கேக்கணும்னு நினைச்சேன். உங்க ஊர் சாமியார்கிட்ட ஒரு வார்த்தை..."

"யார்கிட்டயும் கேக்க வேண்டாம்," என்றார் மரியப்பன். இறந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், எப்படி என்று கேட்பான். ரிசீவரை வைத்தார். ரிசீவரில் அவர் காது பட்ட இடம் ஈரமாக இருந்தது.

பதினான்காம் பாடத்துக்குத் திருத்தம் வியாழனன்று வந்தது.

மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமை. முழங்கால் வலி என்று சொல்லிக் கோயிலுக்குப் போகாமல் இருந்துகொண்டார். பவனி வாசலுக்கு வரும்போது தோள் மாற்றிக்கொள்வதாகப் பங்குச் சாமியாரிடம் சொல்லி அனுப்பினார். அதற்குள் முடித்துவிட வேண்டும். கேசட்டில் இருப்பது என்ன, அந்த ஆசிரியன் எதைக் கேட்டிருக்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு கேசட், ஹை-ஹாட் எல்லாவற்றையும் கொல்லைக் கிணற்றில் போட்டுவிடலாம்.

ஐந்தரை மணி ஆகியும் வெயில் சுவர்களை விட்டு இறங்கவில்லை. காக்கைகூட இல்லாத தெரு. ரோட்டுப் பக்கம் பஸ் சத்தமும் இல்லை. பூட்டு எளிதாகத் திறந்தது. ஒரு வருடம் திறக்காத பூட்டு அப்படித் திறக்கக் கூடாது. உள்ளே பித்தளையும் புழுக்கமும் பழைய தைல வாசனையும். யாருக்கும் கேட்காத இடம் இது ஒன்றுதான். ஆகவே டேப் ரெக்கார்டரோடு உள்ளே போய், விளக்கைப் போட்டு, கதவை அவரே சாத்தினார்.

தரையெல்லாம் தூசி. ஊதாத் துணியின் மேலும் தூசி. துணியின் ஓரத்தில் ஹை-ஹாட்டின், மிதித்தால் மூடி விட்டால் திறக்கும் அந்த ஜோடிப் பித்தளைத் தட்டுகளின், கால்மிதி மட்டும் வெளியே தெரிந்தது. மிதியில் தூசி இல்லை. பளபளவென்று இருந்தது, தினமும் கால் படும் படிக்கல்லைப் போல.

பொத்தானை அழுத்தினார்.

"தங்கச்சி, பதினாலாம் பாடம் கேட்டேன். இதுல டிரம்ஸே இல்ல. நாப்பது நிமிஷமும் கதவைத் தட்டுற சத்தம்தான். நான் எண்ணிப் பாத்தேன். ஆரம்பத்துல நிமிஷத்துக்கு நூத்தியிருபது. அப்புறம் எண்பது. அப்புறம் நாப்பது. வேகம் குறையுது, ஆனா எண்ணிக்கை தப்பவே இல்ல. நடுநடுவுல ஹை-ஹாட் திறக்குற மாதிரி ஒரு 'ஸ்ஸ்'. அது தட்டு இல்லம்மா, மூச்சு. கடைசியில வெளிய நிக்கிறவர் ஒண்ணு சொல்றார். அதுதான் எனக்குப் புரியல. நீ அனுப்புனதை இதுலயே ஏத்தியிருக்கேன். நீயே கேளு."

தட்டல். உள்ளங்கையால் தட்டும் சத்தம். பிறகு விரல்களால். பிறகு நகங்களால். இழுத்து, இழுத்து, உள்ளே போகாத மூச்சு. பிறகு வெளியே ஒரு செருமல். இரண்டு தடவை. பிறகு அவருடைய குரல், வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே, நிதானமாக:

"இப்ப அடங்குனியா?"

கேசட் ஓடி நின்றது.

மரக்கட்டை இல்லை. கட்டைச் சத்தம் அன்று தெருவுக்கு வரவே இல்லை. தெரியும். அன்றே தெரியும்.

கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் நகர்ந்தது. எண்ணெய் போட்ட இரும்பின் மெல்லிய சத்தம். பிறகு யாரோ செருமினார்கள். இரண்டு தடவை.

மரியப்பன் செருமவில்லை.

கதவைத் தள்ளினார். அசையவில்லை. உள்ளங்கையால் ஒரு தடவை தட்டினார். நிறுத்திக்கொண்டார். தெருமுனையில் நிஜமான மரக்கட்டை ஒலித்தது. காலடிகள். நூற்றுக்கணக்கான காலடிகள், செருப்பில்லாமல். பவனி. காற்றுத் துவாரத்தின் வழியாக மெழுகுவர்த்தி வாசனை உள்ளே வந்தது. ஊரே வாசலில் வந்து நின்றது.

கூப்பிடலாம். ஒரே சத்தம். ஓடி வருவார்கள். சாமியார், உபதேசியார், தோள் கொடுப்பவர்கள். வந்து பார்ப்பார்கள். வெளியே போட்ட தாழ்ப்பாள். உள்ளே, கதவின் அடிப்பலகையில், கீறல்கள்.

வாயை மூடிக்கொண்டார்.

சிக்.

துணிக்கு அடியில். மெல்ல.

சிக். ஸ்ஸ். சிக். ஸ்ஸ்.

"என்னங்க!" யூஜினியாவின் குரல், முற்றத்திலிருந்து. "தூம்பா வந்துருச்சு. எங்குட்டு இருக்கீக?"

சிக். ஸ்ஸ். கேட்டுவிடும். எல்லோருக்கும் கேட்டுவிடும். அவர் பாய்ந்து துணியோடு சேர்த்து இரண்டு தட்டுகளையும் இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்தார். குளிர்ந்திருந்தன. அந்தப் புழுக்கத்தில், பனிக்கட்டி போல. பிடித்த பிடிக்குள்ளேயே அவை திறந்தன. நெஞ்சு விரிவதைப் போலத் திறந்தன. மூடின. விரல்கள் நசுங்கின. சத்தம் போடவில்லை. எலும்பு நொறுங்கியது. சத்தம் போடவில்லை.

வாசலில் கட்டை நின்றது. ஊர் மௌனமாகக் காத்திருந்தது, அவர் தோளுக்காக.

குனிந்த தலையை அவர் நிமிர்த்தவில்லை. மிதியின் மேல் ஒரு வெறுங்கால் இருந்தது. நீலம் பாரித்த கால். நிதானமாக அழுத்தியது. எண்ணிக்கை தப்பாமல்.

தரையில் டேப் ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது. கேசட் மறுபக்கம் திரும்பியிருந்தது. பதிவாகிக்கொண்டிருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம், மரத்தோடு வாயை ஒட்டி, அவருடைய குரல் கேட்டது.

"இப்ப அடங்குனியா?"