ஈரம் காயாத கயிறு

வண்டி வந்து இறங்கிய அன்று வின்ச் கயிறு ஈரமாக இருந்தது.

பெர்த்தில் கப்பலேறி, முப்பத்தெட்டு நாள் இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டு, மும்பைத் துறைமுகத்தில் சுங்கக்காரர்கள் கேட்ட காகிதங்களையெல்லாம் கொடுத்துத் தீர்ப்பதற்குள் ஐந்து வாரம் வெயிலில் காய்ந்து, அப்புறம் டிரெய்லரில் ஏறி, 2007 மே மாதக் கடைசியில் ஹைதராபாத் லோத்குண்டாவில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஜீப் அது. கதவு ரப்பரெல்லாம் வறண்டு வெளுத்திருந்தது. டயர் இடுக்கில் இருந்த மண் தொட்டால் தூளாக உதிர்ந்தது. அப்பேர்ப்பட்ட வண்டியின் முன் பம்பரில் கயிற்று நுனியைப் பிடித்ததும் குணசேகரனின் உள்ளங்கை நனைந்தது. கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, பனியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மே மாதத்தில் ஹைதராபாத்தில் எங்கே பனி?

கையை முகர்ந்தான். முகர்ந்திருக்கக் கூடாது. ஈரத் தலையைத் துவட்டாமல் அப்படியே இறுக்கிக் கட்டி நாலு நாள் வைத்திருந்தால் ஒரு முடை வாடை வருமே, அது. அதற்கும் அடியில் இலேசாகத் தித்திப்பாக இன்னொன்று. அது என்ன என்று நினைக்கப் போன மூளையைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

வண்டி அவனுடையதுதான். சாஃப்ட்வேர் வேலையாக மூன்று வருஷம் தனியாக ஆஸ்திரேலியாவில் இருந்தபோது வாங்கி, பாலைவனம், ஆறு, மணல்மேடு என்று ஞாயிறு தவறாமல் ஓட்டித் தேய்த்த வண்டி. ஊர் திரும்புகிறவர் தன் சொந்த வண்டியைக் கொண்டுவரலாம் என்ற சலுகையில் கொண்டுவந்தான். வின்ச் மட்டும் வண்டியோடு வந்ததல்ல. சேற்றில் புதைந்த வண்டியை மோட்டார் வைத்துக் கயிற்றால் இழுக்கும் இந்தச் சாமானை, கப்பலேற்றுவதற்கு முந்தின வாரம், ஊருக்கு வெளியே உடைந்த வண்டி விற்கிற ஒருவனிடம் வாங்கினான். எந்த வண்டியில் இருந்தது, எதையெல்லாம் இழுத்தது என்று கேட்கவில்லை. சடை பின்னியது போன்ற கறுத்த கயிறு, உருளையில் அத்தனை அழகாகச் சுற்றியிருந்தது. அந்த அழகில் மயங்கிவிட்டான். பழைய வின்ச் வாங்கினால் கயிற்றைக் கடைசிச் சுற்றுவரை உருவிப் பார்க்காமல் வாங்காதே என்பது இந்தப் பைத்தியம் பிடித்தவர்களின் முதல் பாடம். இணையக் குழுவில் புதுப் பையன்களுக்கு அதைப் பத்துத் தடவையாவது எழுதியவன் குணசேகரன்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

"ஏனுங்க, இது என்னங்க இப்படி நாறுது? எதாச்சும் செத்துக் கிடக்குதா உள்ள?" என்று சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள் அவன் மனைவி சுபாஸ்ரீ.

"கடல் காத்து பட்டதுல வர்ற வாசம். ரெண்டு கழுவு கழுவுனா போயிரும்."

போகவில்லை. சோப்புத்தூள், பினாயில், கொதிநீர், எலுமிச்சை. கழுவக் கழுவக் கயிற்றிலிருந்து இறங்கிய தண்ணீர் கலங்கலாகவே இறங்கியது, கஞ்சி போலக் கொழகொழத்து, போர்ட்டிகோவின் தரையில் திட்டுத்திட்டாகத் தேங்கி, காய்ந்த பிறகும் செருப்பில் ஒட்டியது. இரண்டாவது வாரத்தில் வாடை வீட்டுக்குள் வந்துவிட்டது. தலையணையில் இருந்தது. ரசத்தில் இருந்தது. ஒரு நாள் காலை இட்லி மாவுக்குள் சுபாஸ்ரீ கரண்டியை விட்டுக் கிளறியபோது ஒரு முடி சுற்றிக்கொண்டு வந்தது. அவள் இழுத்தாள். முழ நீளம். இன்னும் இழுத்தாள். முழங்கைவரை சுற்றியும் முடியவில்லை. பாத்திரத்தோடு குப்பையில் கொட்டிவிட்டு, வாஷ்பேசினில் குனிந்து வெறும் வயிற்றோடு ஓங்கரித்தாள். குணசேகரன்தான் அவள் முதுகைத் தடவிவிட்டான். ஆனாலும் அன்று மாலையே வண்டியைத் துடைத்துப் படமெடுத்து இணையக் குழுவில் போட்டான். அந்த வெட்கங்கெட்ட ஆசையை என்னவென்று சொல்ல!

கயிறு நீண்டுகொண்டும் வந்தது. உருளையைப் பூட்டும் லீவரை ராத்திரி தானே திருகிவிட்டுப் போவான். காலையில் பார்த்தால் ஒரு சாண் கூடுதலாகத் தொங்கும். அடுத்த நாள் ஒரு முழம். ஒரு காலை அது பம்பரிலிருந்து இறங்கி, தரையில் நத்தை போன தடம் மாதிரிப் பளபளப்பாக ஒரு கோடு போட்டு, பக்கத்து அறை ஜன்னலுக்குக் கீழே போய்க் கிடந்தது. அந்த அறையில்தான் அவர்களுடைய ஏழு வயது மகள் அஸ்வினி படுத்துக்கொள்வாள்.

"அச்சு, கயித்த இழுத்து விளையாண்டியா?"

குழந்தை தலையை ஆட்டினாள். தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் சொல்லுவாள், பள்ளிக்கூடத்துப் பழக்கம். "லேது டாடி. அதே ஒச்சிந்தி."

அதுவேதான் வந்தது என்கிறாள். குணசேகரன் சிரித்து வைத்தான். குழந்தையைத் தூக்கி உச்சியில் முத்தம் கொடுக்கப் போனவன் உதட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். தலை சொதசொதவென்று ஈரம். அந்த வாடை. பெற்ற பிள்ளையின் தலையை முகர்ந்து அருவருப்பு வந்ததே என்று அந்த நிமிஷம் அவனுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அன்றிலிருந்து அஸ்வினியின் முடி காயவில்லை. மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்தார்கள், சாம்பிராணி போட்டார்கள், இஸ்திரி போட்ட சூட்டுத் துண்டால் சுற்றினார்கள். பத்து நிமிஷத்தில் நுனியிலிருந்து சொட்டத் தொடங்கிவிடும். திருமுல்கேரி டாக்டர் பொடுகு என்று சொல்லி ஒரு ஷாம்பு எழுதிக் கொடுத்தார். வகுப்பில் பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பெஞ்சு மாறினார்கள். குழந்தை அழுதுகொண்டே வந்தாள். முடியோ, மூன்று வாரத்தில் தோளிலிருந்து இடுப்புக்கு வந்திருந்தது.

சுபாஸ்ரீ அன்று சண்டை போடவில்லை. நிதானமாகச் சொன்னாள். "என்ற புள்ளைக்கு என்னமோ ஆகுதுங்க. அந்தக் கயிறு வந்த நாள்லருந்து ஆகுது. இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள அத அறுத்து எறியோணும். இல்லீன்னா நாங்க ரெண்டு பேரும் ஈரோட்டுக்குப் போயிருவோம். உங்களுக்கு அச்சு வேணுமா, அந்தக் கருமம் வேணுமா?"

"அச்சுதான் வேணும், இதென்ன கேள்வி" என்றான் குணசேகரன். மனசாரத்தான் சொன்னான்.

சனத்நகரில் பட்டறை வைத்திருக்கும் முகமது யூசுப்பைக் கூப்பிட்டான். ஆம்பூர்க்காரர், இருபத்தைந்து வருஷமாக ஹைதராபாத் தண்ணீர் குடித்தவர். வந்தார், குனிந்து கயிற்றை இரண்டு விரலால் தொட்டார், உடனே விரலைக் கர்ச்சீப்பில் துடைத்து, அந்தக் கர்ச்சீப்பையும் தூக்கிப் போட்டார்.

"கைக்கு சார், எதுக்கு இந்தச் சனியன்? பழசெல்லாம் நக்கோ, வேணாம். இங்கயே கத்தியப் போட்டு ரெண்டா அறுத்து, உருளையோட கழட்டிக் கடாசிடறேன். ஒரு மணி நேரம்."

கத்தியையும் எடுத்துவிட்டார். அந்த இடத்தில் குணசேகரன் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அறுக்க வேணாம் பாய். இந்தக் கயிறு இந்தியாவுல கிடைக்காது. முழுசா உருவி எடுத்து வெச்சுக்கறேன், வீட்டுப் பக்கமே கொண்டு வரமாட்டேன். அடிச் சுத்துல என்னதான் அழுகிக் கெடக்குதுன்னு பாக்கோணும்."

யூசுப் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஹவ் சார், சரி, உங்க வண்டி" என்று கத்தியைப் பெட்டிக்குள் போட்டார்.

ஞாயிறு மதியம் ஷாமீர்பேட்டை தாண்டி ஒரு செம்மண் சரிவுக்குப் போனார்கள். காலையில் பெய்த மழையில் மண் வெண்ணெயாக இளகியிருந்தது. வானம் மூடிக் கிடந்தது, காக்கை குருவிச் சத்தம்கூட இல்லை. உருவுவதற்கு முறை ஒன்று உண்டு. மேட்டில் இருக்கும் மரத்தில் கயிற்றின் கொக்கியை மாட்டி, உருளையின் பூட்டை எடுத்துவிட்டு, வண்டியை மெதுவாகப் பின்னுக்கு ஓட்டினால் கயிறு தானாக அவிழ்ந்துகொண்டே வரும். யூசுப் வண்டிக்குள் உட்கார்ந்தார். குணசேகரன் பம்பருக்குப் பக்கத்தில் கையுறையோடு நின்றான்.

முதல் பத்து மீட்டர் கறுப்பாக வந்தது. அடுத்த பத்து பழுப்பாக, சீழ் போல ஏதோ ஒன்று வடிய வந்தது. ஈக்கள் எங்கிருந்தோ வந்து மொய்த்தன. கயிறு மொத்தமே இருபத்தெட்டு மீட்டர். காலடி வைத்து அளந்துகொண்டே நடந்தான். இருபத்தெட்டு ஆயிற்று. முப்பத்தைந்து ஆயிற்று. உருளை காலியாகவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது.

நாற்பதாவது மீட்டரில் வந்தது கயிறு இல்லை.

முடி. நரைத்த முடி, செம்பட்டை முடி, சுருட்டை முடி, ஒன்றோடொன்று சேர்த்துப் பின்னிய முடி. நடுநடுவே காய்ந்த தோல் துணுக்குகள். ஓரிடத்தில் ஒரு நகம், இன்னும் சிவப்புச் சாயத்தோடு. குணசேகரன் கையுறையை உதறி எறிந்துவிட்டுக் குனிந்தான். மதியம் தின்றதெல்லாம் சேற்றில் விழுந்தது. வண்டிக்குள்ளிருந்து யூசுப் என்னவோ ஓதுவது கேட்டது.

"நிறுத்திரலாம் சார்!"

"இன்னும் கொஞ்சம் பாய். முடியப் போவுது."

ஐம்பது. ஐம்பத்தைந்து. நரை தீர்ந்தது. இப்போது வந்தது நல்ல கருப்பு முடி. இளமுடி. ஈரம். அவனுக்கு அது வினோதமாக இருந்தது, ஏனென்றால் இந்த முடியில் அந்த வாடை இல்லை. வெதுவெதுவென்று இருந்தது. ஷாம்பு மணத்தது. நுரைகூட இருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. சுபாஸ்ரீ.

"ஏனுங்க!" அவள் பேசவில்லை, கதறினாள். "அச்சுக்குத் தலைக்கு ஊத்திட்டு இருந்தேனுங்க. முடி தண்ணி போற ஓட்டைக்குள்ள போயிருச்சுங்க. உள்ளருந்து இழுக்குதுங்க! புடிச்சு இழுக்குதுங்க! தல தரையில ஒட்டிக்கிச்சு. என்னால முடியல. ஓடி வாங்க!"

பின்னால் குழந்தையின் அலறல்.

குணசேகரன் தன் கையில் ஓடிக்கொண்டிருந்த முடியைப் பார்த்தான். நுரையைப் பார்த்தான்.

"பாய், நிறுத்துங்க! நிறுத்துங்க!"

யூசுப் பிரேக்கை மிதித்தார். நான்கு சக்கரமும் அப்படியே நின்றன.

வண்டி நிற்கவில்லை.

சரிவு. ஈர மண். இரண்டு டன் வண்டி, சுற்றாத சக்கரங்களோடு, சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. மெதுவாக. ஒரு சாண். இன்னொரு சாண். அந்த அளவுக்கு உருளை சுற்றியது. அந்த அளவுக்கு முடி வந்தது.

"வெட்டுங்க பாய்! கத்தி!"

"காலை எடுத்தா வண்டி ஓடிடும் சார்!"

லீவரைப் பிடித்துத் திருகினான். கொழகொழப்பில் கை வழுக்கியது. மறுபடி. வழுக்கியது. முடியை இரண்டு கையாலும் பிடித்தான். பல்லால் கடித்தான். வாய் முழுக்க நுரை. முடி உதட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. சேற்றில் விழுந்த போனுக்குள் சுபாஸ்ரீ கடவுளைக் கூப்பிட்டாள். அப்புறம் அவனைக் கூப்பிட்டாள்.

"டாடி" என்றது ஒரு சின்னக் குரல். அதற்கப்புறம் அது கேட்கவில்லை.

வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கியது. குணசேகரன் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தான். முடியவில்லை. உருளைக்கு முன்னால், கயிறு வெளியே வரும் அந்த இரும்பு வாய்க்குள், நுரைக்கு நடுவே, அம்மா சீப்பால் நேராக எடுத்துவிட்ட ஒரு வெள்ளை வகிடு மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தது.