பச்சை கவுனின் வயது

கச்சேரி சாலைக்குப் பின்னால் இருக்கும் அந்த மாடி வீட்டுக்கு, புதன்கிழமை மதியம் ஜுவேரியா ஒரு துணிப்பையோடு வந்தாள். ஸ்கூட்டரில் கூட்டிவந்த அவள் அப்பா அன்வர் பாஷா கதவோரத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். தடயவியல் துறையில் முப்பது வருடம் துணிகளைப் பார்த்து ஓய்வு பெற்று, இப்போது வீட்டிலேயே துணிகளைச் சோதித்துச் சொல்லும் மீனாட்சி பையைப் பிரித்தார். வங்கி வேலை முடிந்தபின் மனைவியின் தொழிலில் வலியப் போய் ஒட்டிக்கொண்ட ஜெயராம், அதற்குள் பூதக்கண்ணாடியோடு தயாராக நின்றார். அவரை யாரும் கேட்கவில்லை.

உள்ளே பாட்டில் பச்சை நிறத்தில் சரிகை வேலைப்பாடு போட்ட பார்ட்டி கவுன் இருந்தது, அதே துணியில் ஒரு ஹிஜாப்பும். வெள்ளிக்கிழமை நிக்காஹ். ஞாயிறன்று பாலவாக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் தரும் வலீமா விருந்துக்கு ஜுவேரியா இதைத்தான் உடுத்த வேண்டும். பழைய துணி என்றால் அவளுக்கு உயிர். அது தெரிந்துதான் மாப்பிள்ளை ஃபராஸ், இது நாற்பது வருடத்துக்கு முன் தன் அம்மா ஷம்ஷாத் கல்யாண விருந்தில் போட்டது என்று சொல்லிக் கொடுத்திருந்தான். அவன் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

"அப்புறம் என்னம்மா சந்தேகம்?" என்றார் மீனாட்சி.

"மாமியார் என் தோளுக்குத்தான் வர்றாங்க மேடம். கவுன் எனக்கே தரையைத் தொடுது. எங்க அத்தா தையல்காரர், எனக்காக இடுப்பு அளவு பிடிச்சுத் தெச்சதும் அவர்தான். அவர்கிட்ட கேட்டேன், பழசுதான்னுட்டாரு. இருந்தாலும் மனசு கேக்கல. ஃபராஸ் பொய் சொல்லியிருந்தா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்."

ஜெயராம் முதுகுப் பக்கம் பாய்ந்தார். இப்போதெல்லாம் நைலான் ஜிப்தான், இது பித்தளை, ஆகவே நாற்பது வருடம் நிச்சயம் என்று தீர்ப்பே எழுதிவிட்டார். கதவோரத்தில் அன்வர் பாஷா அவசரமாகத் தலையாட்டினார்.

மீனாட்சி கவுனை உட்புறம் திருப்பினார். கீழ் விளிம்பில் பழைய மடிப்புத் தடம் எதுவும் இல்லை. குள்ளமானவருக்காக அதை யாரும் ஒருநாளும் மடித்துத் தைத்ததில்லை. லைனிங்கைத் தூக்கியபோது, நெஞ்சுப் பகுதியில் பிறை வடிவில் இரண்டு வரிசை வெற்று ஊசித் துளைகள் தெரிந்தன. பிறகு ஹிஜாப்பை எடுத்தார். அதன் இரு பக்கத்திலும் மிளகளவு துணிப் பட்டன் ஒவ்வொன்று இருந்தது. அதை மாட்டுவதற்கு நூல் வளையமும் இல்லை, துளையும் இல்லை. அலங்காரம் என்றார் ஜெயராம்.

மீனாட்சி ஹிஜாப்பை ஜுவேரியாவின் தலையில் சுற்றினார். பட்டன்கள் சரியாகக் காதருகே வந்து நின்றன. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்து, அதன் இரண்டு நாடாக்களையும் அந்தப் பட்டன்களில் மாட்டினார். கச்சிதமாக நின்றது.

"ஹிஜாப் காதை மூடிடுது. அப்ப மாஸ்க்கை எதுல மாட்டுறது? கொரோனா சமயத்துல கல்யாணப் பொண்ணுக்கு இப்படிப் பட்டன் வெச்சுத் தெச்சிருக்காங்க. இந்த கவுனுக்கு வயசு நாப்பது இல்லம்மா, அஞ்சு."

"அப்ப அந்த ஜிப்?" ஜெயராமுக்கு மனம் ஆறவில்லை.

"அது பின்னாடி மாத்தினது. கவுனைத் தெச்ச நூல் வேற, ஜிப்பைத் தெச்ச நூல் வேற. இது கொஞ்சம் வெளிறின பச்சை. நெஞ்சுல இருந்த இந்தக் காலத்து ஸ்பாஞ்ச் கப்பைப் பிரிச்சு எடுத்துட்டு லைனிங்கை மூடினதும் இதே நூல்தான்." மீனாட்சி கொஞ்சம் தயங்கினார். "இடுப்பு அளவு பிடிச்சதும் இதே நூல்."

ஜுவேரியா மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினாள். அன்வர் பாஷா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை முதல்ல போட்டது யாரு பாய்?" என்று மீனாட்சி மெதுவாகக் கேட்டார்.

ஃபராஸின் முதல் மனைவி என்று அவர் ஒப்புக்கொண்டார். கொரோனா நேரத்துக் கல்யாணம் என்பதால் இருபது பேருக்கு மேல் தெரியாது. எட்டாவது மாதம் அந்தப் பெண் தானே கேட்டு குலா என்ற மணவிலக்கு வாங்கிப் பிரிந்தபோது, மாப்பிள்ளை வீட்டில் போட்டதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அளவு பிடிக்க கவுன் தன் கடைக்கு வந்ததும் அது பழசில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. போய்க் கேட்டபோது ஷம்ஷாத் எல்லாவற்றையும் சொல்லி, மறைத்துவிடும்படி கெஞ்சினார். ஸ்பாஞ்சைப் பிரித்ததும், கடையில் கிடந்த பழைய பித்தளை ஜிப்பைத் தேடி வைத்ததும் அன்வர் பாஷாவேதான்.

"ரெண்டு சம்பந்தம் தட்டிப் போச்சும்மா. இதுவும் போயிடக் கூடாதேன்னு..."

இவரை நம்பித்தானே ஜுவேரியா முதலில் இவரிடம் போனாள்.

"அவனை எனக்கு ஏழு மாசமாத்தான் தெரியும் அத்தா. அவன் பொய் சொன்னாக்கூடத் தாங்கிக்குவேன். நீங்க என்னை நிக்க வெச்சு அளவு பாத்தீங்க. ஊசி குத்திடும், ஆடாதேன்னு சொல்லிக்கினு இருந்தீங்க. அப்பக்கூட வாயைத் திறக்கத் தோணலையா?"

அவள் போனை எடுத்தாள். யாருக்கு என்று கேட்டு அன்வர் பாஷா எழுந்தார்.

"பள்ளிவாசலுக்கு. வெள்ளிக்கிழமை நிக்காஹ் இல்லன்னு நானே சொல்லிக்கிறேன். இனிமே எனக்காக நீங்க பேச வேணாம்."