தேசிக்காய் கட்டிய ட்ரெய்லர்

ரிஷானியின் அம்மா சந்திரமதி, பேர்ண் நகரில் பஸ் ஓட்டுபவர். பதினெட்டு மீற்றர் நீளப் பஸ்ஸை ஒடுங்கிய தெருவுக்குள் அலுங்காமல் வளைத்து எடுப்பார் என்றால் பாருங்களேன்! அம்மாவின் பஸ் வந்தால், பத்து வயது ரிஷானி தோழிகளிடம் சத்தமாகவே சொல்லுவாள்: “அது என்ர அம்மா!”

அப்பா கீர்த்தனனுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. இருநூறு பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சமைப்பார். ஆனால் வாகனத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஹோர்ன் அடிப்பது மட்டும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஒரு கேம்பரை வாடகைக்கு எடுத்து வில் நகருக்குப் புறப்பட்டார்கள். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற பெரிய வண்டி அது. அதன் பின்னால் ஒரு ட்ரெய்லர். ட்ரெய்லரின் மேல் ஒரு சின்ன நீலக் கார்.

அந்தக் கார் சிவகலா மாமிக்கு. அப்பாவின் தங்கையான மாமிக்கு அரை வருடமாக வேலை இல்லை. இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கே வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்க வேண்டும். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. “கார் இருந்தால்தான் வேலை” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். காருக்கு நம்பர் தகடு இன்னும் பூட்டவில்லை, தகடு மாமியிடம்தான் இருந்தது. அதனால்தான் ட்ரெய்லரில் ஏற்றிப் போனார்கள்.

மதியம்வரை நெடுஞ்சாலையில் எந்தக் குறையும் இல்லை. பிறகு அப்பா, “மலைப்பாதையால போவம், பிள்ளையள் இடம் பார்க்கட்டும்” என்றார். நான்கு வளைவுகள் தாண்டியிருப்பார்கள்.

“அம்மா, ஏதோ எரியிற மணம்!” என்றாள் ரிஷானி.

அம்மா உடனே ஒரு வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்தினார். ஐயோ! ட்ரெய்லரின் சில்லிலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது.

அம்மா சுற்றிவரப் பார்த்தார். ட்ரெய்லரின் கைபிரேக் கொஞ்சம் மேலே எழும்பி நின்றது. “பிரேக்கைப் பிடிச்சபடியே ஓடியிருக்கிறம். அதுதான் சூடு.” அதைக் கீழே தள்ளி, சில்லு ஆறும்வரை காத்திருந்து, மறுபடி புறப்பட்டார்.

இரண்டு வளைவு தாண்டியதும் அதே மணம்! அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிப் பார்த்தால், கைபிரேக் மறுபடியும் மேலே நின்றது.

அப்பா, ரிஷானியின் ஆறு வயதுத் தம்பி லக்ஷனைப் பார்த்தார். “டேய், முதல் நிண்ட இடத்தில நீதானே அதுக்குப் பக்கத்தில நிண்டனி? இழுத்தனியோ?”

“இல்லை அப்பா! நான் தொடவே இல்லை!” லக்ஷனின் கண்கள் நிறைந்துவிட்டன.

அம்மா பெருமூச்சு விட்டார். “இப்பிடியே ஓடினால் தீப்பிடிக்கும். ட்ரெய்லரை இங்க விட வேண்டியதுதான். கராஜ் நாளைக்குத்தான் திறக்கும்.”

“அப்ப மாமியின்ர வேலை?” என்று ரிஷானி கேட்டாள்.

லக்ஷன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு விம்மினான். அதைப் பார்க்க ரிஷானிக்குப் பொறுக்கவில்லை.

“அப்பா, கொஞ்சம் யோசியுங்கோ. முதல் நிண்ட இடத்தில இருந்து புறப்படேக்க பிரேக் கீழதானே இருந்தது? அம்மாவே தள்ளினவ. பிறகு லக்ஷன் எனக்குப் பக்கத்தில பெல்ட் போட்டுக்கொண்டு இருந்தவன். ஓடுற வண்டியில எப்பிடி இழுப்பான்?”

அப்பா தலையைச் சொறிந்தார்.

“நெடுஞ்சாலையில மணக்கேல்லை. வளைவு வந்தால்தான் மணக்குது” என்றாள் ரிஷானி. “அம்மா, இந்தத் தரிப்பிடம் வெறுமையாத்தானே கிடக்கு. மெதுவா ஒரு வட்டம் ஓட்டுங்கோ. நாங்கள் தள்ளி நிண்டு பார்க்கிறம்.”

அம்மா அவளை ஒரு கணம் பார்த்தார். “நல்ல யோசனை, பிள்ளை. எனக்கு இது வரேல்லையே!”

அம்மா ஓட்டினார். கேம்பர் வலப்பக்கம் திரும்பியது, ஒன்றும் நடக்கவில்லை. இடப்பக்கம் திரும்பியது. கைபிரேக்கிலிருந்து கேம்பர்வரை போன மெல்லிய கம்பி ஒன்று, உடுப்புக் காயவிடும் கொடிபோல விறைத்தது. டக்! கைபிரேக் தானாகவே எழும்பியது.

“நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ! கம்பிதான் இழுக்குது!” ரிஷானி துள்ளிக் குதித்தாள்.

அம்மா ஓடி வந்தார். “இது காவல் கம்பி. ட்ரெய்லர் கழண்டு போனால், இதுதான் பிரேக்கை இழுத்து நிப்பாட்டும். தளர்வாத்தானே பூட்டினன், எப்பிடி இறுகிப் போனது?”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ட்ரெய்லரின் முன்தண்டில் கோயில் மாலையும், எலுமிச்சம்பழம் எனப்படும் தேசிக்காய் ஐந்தும் கட்டப்பட்டிருந்தன. காலையில் கோயிலில் வாகனப் பூசை முடிந்ததும் அப்பா கட்டியவை. அவற்றோடு சேர்த்து, அந்தக் கம்பியும் தண்டைச் சுற்றி மூன்று சுற்று!

அப்பா தொண்டையைச் செருமினார். “அது… சும்மா தொங்கிக்கொண்டு கிடந்தது. வடிவா இருக்கட்டும் எண்டு சுத்திக் கட்டினன்.”

“கண்ணூறு படாமல் கட்டினியள், பிரேக்தான் பிடிச்சுது!” என்று அம்மா சொல்ல, ரிஷானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்பா லக்ஷனின் முன்னால் முழங்காலில் இருந்தார். “அப்பன், பிழை என்ரதுதான். மன்னிச்சுக்கொள்ளடா.”

லக்ஷன் மூக்கைத் துடைத்தான். “அப்ப தேசிக்காயை நான்தான் வச்சிருப்பன்.”

“எல்லாம் உனக்குத்தான்!”

அம்மா கம்பியை அவிழ்த்துத் தளர்வாகப் பூட்டினார். சில்லுகள் நன்றாக ஆறியதும், தரிப்பிடத்தில் இரு பக்கமும் திருப்பிச் சோதித்தார். கைபிரேக் அசையவே இல்லை. “என்ர பிள்ளை என்னைவிடக் கெட்டிக்காரி” என்று அம்மா சொன்னபோது, ரிஷானிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அம்மாவே சொல்லிவிட்டாரே! மிச்ச வளைவுகளில் எந்த மணமும் வரவில்லை, அப்பா உரித்த தோடம்பழ மணத்தைத் தவிர.

மாலையில் வில் நகருக்கு வந்து சேர்ந்தார்கள். மாமி நீலக் காரைத் தடவித் தடவிப் பார்த்தார், அப்பா நம்பர் தகட்டைப் பூட்டினார். “அண்ணை, தேசிக்காய் ஒண்டும் கட்டேல்லையோ?” என்று மாமி கேட்க, லக்ஷன் பாய்ந்து வந்தான்.

“அப்பா தொடக் கூடாது! நான்தான் உள்ளுக்க வைப்பன்!”

மறுநாள் காலை ஐந்து மணி. கேம்பரின் யன்னல் வழியாக ரிஷானி எட்டிப் பார்த்தாள். நீலக் கார் மெல்ல நகர்ந்தது. தெரு வளைவில் அதன் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. கார் திரும்பியதும் விளக்கு அணைந்தது. மாமி வேலைக்குப் போய்விட்டார்.